பழைய படிகளின் மேலேயே கல் பதிக்கலாமா? மாடிப்படியையும் முன்வாசலையும் புதுப்பிப்பது குறித்து

ஜனவரி 6: வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் வீட்டின் மாடிப்படியையும் முன்வாசலையும் ஒரே மூச்சில் புதுப்பிக்க எண்ணியுள்ளேன். படிகளில் இருக்கும் டைல்ஸ் மங்கிவிட்டது. அதை உடைத்தெடுக்காமல் அதன் மேலேயே கிரானைட் பதித்துவிடலாம் என்பது என் திட்டம். கல்லும் பசையும் சேர்ந்து 25 மில்லிமீட்டர் கூடும். எல்லாப் படிகளும் ஒரே அளவில் உயரும் என்பதால் படிக்குப் படி வேறுபாடு வராது என்று கருதுகிறேன். இரும்புக் கம்பிக் கிராதியை எடுத்துவிட்டுக் கண்ணாடியும் அகலமான மரக் கைப்பிடியும் வைக்கப் போகிறேன். முன்கதவுக்கு அடர்ந்த கருநீல வண்ணம். இவற்றில் நான் கவனிக்காமல் விட்டது ஏதேனும் உண்டா?

ஜனவரி 6, இரவு

உண்டு. எல்லாப் படிகளும் ஒரே அளவில் உயரும் என்று எழுதியிருக்கிறீர்கள். உயராத இரண்டு இடங்களை மறந்துவிட்டீர்கள். கீழ்க்கூடத்தின் தரையும் மாடியின் தரையும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே முதற்படி 25 மில்லிமீட்டர் கூடுதல் உயரமாகும், கடைசிப்படி 25 மில்லிமீட்டர் குறையும், நடுவில் உள்ளவை மட்டும் மாறாமல் இருக்கும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் வீட்டில் செய்து பார்த்துச் சொல்கிறேன். எங்கள் படிக்கட்டில் 18 ஏற்றங்கள். ஏற்றம் என்று நான் குறிப்பிடுவது ஒரு மிதியின் மேற்பரப்பிலிருந்து அடுத்த மிதியின் மேற்பரப்பு வரையுள்ள செங்குத்து உயரத்தை. ஒவ்வொன்றும் 170 மில்லிமீட்டர், மொத்தம் 3,060. கட்டியவர் அக்கறையோடு கட்டியிருந்தார். அவற்றின் மேல் 20 மில்லிமீட்டர் கல்லையும் 10 மில்லிமீட்டர் கலவையையும் ஏற்றினேன். முதல் ஏற்றம் 200 ஆயிற்று, கடைசி ஏற்றம் 140 ஆயிற்று. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேலை முடிந்த அன்று மாலை படிக்கட்டின் கீழ் நின்று நெடுநேரம் ரசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை முதற்படியில் என் கட்டைவிரல் இடித்தது. கவனக்குறைவு என்று எண்ணிக்கொண்டேன். அன்றே என் மகள் மாடியை எட்டும் இடத்தில், இல்லாத உயரத்துக்குக் காலைத் தூக்கி வைத்து முன்னால் சரிந்தாள். படி ஏறுகிறவர் ஓரிரு படிகளுக்குப் பிறகு கீழே பார்ப்பதில்லை. அதுவரை பழகிய உயரத்தையே கால் அடுத்த படிகளுக்கும் எதிர்பார்க்கிறது. படிகள் சற்று உயரமாக இருந்தாலும் எல்லாம் ஒன்றுபோல இருந்தால் கால் பழகிக்கொள்ளும். ஒன்று மட்டும் வேறாக இருப்பதை அது மன்னிப்பதில்லை. சில கட்டட விதித்தொகுப்புகள் ஒரே படிக்கட்டின் மிக உயர்ந்த ஏற்றத்துக்கும் மிகத் தாழ்ந்ததற்கும் இடையே எட்டில் மூன்று அங்குலத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டருக்கு மேல், வேறுபாட்டை ஏற்பதில்லை. என் வீட்டில் அது 60. உங்கள் திட்டப்படி உங்கள் வீட்டில் 50 ஆகும், இப்போது எல்லாம் சமமாக இருந்தால்.

அந்தக் கடைசி நிபந்தனையை முதலில் சோதியுங்கள். கல்லின் நிறத்தைப் பிறகு பேசுவோம்.

ஜனவரி 7

எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நேரான ஒரு சட்டத்தை மேல்மிதியின் மீது, விளிம்புக்கு வெளியே நீளும்படி வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வைத்துச் சமன் பாருங்கள். சட்டத்தின் அடிப்பக்கத்திலிருந்து கீழ்மிதி வரை அளவுநாடாவைச் செங்குத்தாகப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு ஓரங்களிலும் நடுவிலும் அளக்க வேண்டும். மிதியின் ஆழத்தையும் ஒரு மூக்கின், அதாவது மிதியின் முன்விளிம்பின், நுனியிலிருந்து அடுத்த மூக்கின் நுனி வரை குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. நான் அந்த அரை மணி நேரத்தைச் செலவிடாமல் மூன்று ஆண்டுகள் தடுமாறினேன்.

அளந்தபின் ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா ப்ளோந்தெல், இரு மடங்கு ஏற்றத்தையும் ஒரு மிதியையும் கூட்டினால் ஒரு நடை அளவு வர வேண்டும் என்று வகுத்தார். இன்றைய வழக்கில் அந்தக் கூட்டுத்தொகை 600 முதல் 650 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் 170-ஐ இரட்டித்து 280-ஐக் கூட்டினால் 620. முதற்படியில் மட்டும் 680 ஆகியிருந்தது. என் கட்டைவிரல் ப்ளோந்தெலைப் படிக்காமலேயே அந்தக் கணக்கைப் போட்டுவிட்டது.

ஜனவரி 9

கூடத்தின் தரையையும் 30 மில்லிமீட்டர் உயர்த்தினால் முதற்படி சரியாகிவிடுமே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சரியாகும். அதையும் செய்தேன். மாடிப்படியையும் முன்வாசலையும் தனித்தனி வேலைகளாக எண்ணக் கூடாது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

கூடத்தில் புதிய கல் பதித்ததும் முதல் ஏற்றம் மீண்டும் 170-க்கு வந்தது. மேலே கடைசி ஏற்றம் 140 ஆகவே நின்றது. ஆனால் இப்போது முன்கதவு உட்பக்கம் திறக்கவில்லை. கதவின் அடியில் இருந்த இடைவெளி 8 மில்லிமீட்டர். தரை உயர்ந்ததோ 30. தச்சர் வந்து கதவைக் கழற்றி அடியில் அறுத்தார். அடுத்து நிலையின் கீழ்ச்சட்டம். முன்பு அது கூடத்தின் தரையைவிட 25 மில்லிமீட்டர் மேலே நின்று தூசியையும் சாரலையும் தடுத்தது. தரை உயர்ந்தபின் அது 5 மில்லிமீட்டர் கீழே போய், குப்பை தங்கும் ஒரு நீண்ட பள்ளமாக மாறிவிட்டது. வெளியிலிருந்து உள்ளே ஏறும் கடைசி ஏற்றம் 160-லிருந்து 190 ஆயிற்று. சுருக்கமாகச் சொன்னால், மாடிப்படியின் அடியில் இருந்த தடுமாற்றத்தைத் தள்ளிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே விட்டிருந்தேன். அதுவரை வீட்டாருக்கு மட்டும் இடித்த கால் அதன்பின் விருந்தினருக்கும் இடித்தது.

வெளிப்படியையும் உயர்த்தலாம் என்று கொத்தனார் சொன்னார். அதற்கு முந்தைய படியையும், அதற்கடுத்து நடைபாதையையும் உயர்த்த வேண்டியிருக்கும். தெருவரைக்கும் போக எனக்குத் துணிவில்லை.

தடிமனைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனால் எல்லா ஏற்றங்களையும் சமமாக்கலாம் என்று தாளில் கணக்குப் போட்டதும் உண்டு. கூடம் 30 உயர்ந்துவிட்டதால் மீதம் 3,030. அதை 18-ஆல் வகுத்தால் 168.3. முதல் மிதியில் 28 மில்லிமீட்டர் கல், அடுத்ததில் 27-க்குச் சற்றுக் குறைவு, இப்படியே போய் 17-ஆவது மிதியில் 1.7 மில்லிமீட்டர். அந்தத் தடிமனில் கல் கிடையாது, அட்டைதான் கிடைக்கும்.

முடிவில் கல்லையும் கலவையையும் படிகளிலிருந்தும் கூடத்திலிருந்தும் முழுவதும் பெயர்த்தெடுத்தோம். முதலிலேயே பழைய பூச்சை எடுத்துவிட்டு, எடுத்த தடிமனுக்குச் சமமாகப் புதியதை வைத்திருந்தால் இத்தனையும் நேர்ந்திராது.

ஜனவரி 10

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கதவை அடியில் அறுத்ததை எளிதான காரியம்போல எழுதிவிட்டேன். எங்களுடையது கட்டி மரச் சட்டங்களும் பலகைகளும் கொண்ட கதவு. அதன் அடிச்சட்டம் அகலமானது. உள்ளே கூடான தட்டைக் கதவாக இருந்தால் அடிச்சட்டம் மிகக் குறுகலாக இருக்கும். 30 மில்லிமீட்டர் அறுத்தால் கூடு வெளியே தெரியும். பிறகு ஒரு மரக்கட்டையைத் திணித்து ஒட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டேன், வெட்கத்தினால். அறுத்த அடிப்பக்கத்துக்கு வண்ணம் பூச மறந்துவிட்டோம். கதவின் இரு பக்கச் செங்குத்துச் சட்டங்களின் வெட்டுமுனை அடியில்தான் இருக்கிறது. மரம் அந்த முனை வழியாகத்தான் நீரை வேகமாக உறிஞ்சும். முதல் மழைக்காலத்தில் கதவு அடியில் உப்பி, பூட்டுவதற்குத் தோளைக் கொடுக்க வேண்டியதாயிற்று. கதவின் ஆறு பக்கங்களுக்கும் பூச்சு வேண்டும். ஐந்தைத்தான் கண் பார்க்கிறது.

ஜனவரி 14

இப்போது கல்லைப் பற்றி. மெருகேற்றிய கிரானைட் உலர்ந்திருக்கும்போது ஏமாற்றாது. ஈரக்காலோடு இறங்கும்போதுதான் ஏமாற்றும். படிக்கட்டு விபத்துகளில் கடுமையானவை பெரும்பாலும் இறங்கும்போதே நிகழ்கின்றன, ஏனென்றால் ஏறுகிறவர் விழுந்தால் கை ஊன்ற எதிரே படி இருக்கிறது. இறங்குகிறவருக்கு எதிரே வெறும் காற்றுதான். ஆகவே கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது மாடியில் நின்று கீழே பார்ப்பவரின் கண்ணோடு தேர்ந்தெடுங்கள்.

அந்தக் கண்ணுக்கு இரண்டு செய்திகள் முக்கியம். முதலாவது, வழுக்குமா என்பது. டைல்ஸ் அட்டைகளில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஒரு குறியீடு இருக்கும். எண் கூடக் கூடப் பிடிப்பு அதிகம். உட்படிக்கு ஆர் 10 போதும் என்பது என் கருத்து. மழைபடும் வாசற்படிக்கு ஆர் 11-க்குக் குறையாமல் பாருங்கள். இயற்கைக் கல்லானால் நெருப்பால் வாட்டிச் சொரசொரப்பாக்கிய ஃப்ளேம்டு பினிஷ் வெளிப்படிக்கு ஏற்றது. உள்ளே அதில் வெறுங்காலோடு நடப்பது இதமாக இராது, துடைப்பதும் கடினம். இரண்டாவது, விளிம்பு தெரிகிறதா என்பது. ஒரே நிறக் கல்லை மிதியிலும் அதன் கீழுள்ள செங்குத்தான முகப்பிலும் பதித்துவிட்டால் மேலிருந்து பார்க்கையில் படிகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரு சரிவுபோலத் தோன்றும். புள்ளிகளும் கோடுகளும் நிறைந்த கல்லில் இது இன்னும் மோசம். மிதி ஒரு நிறம், முகப்பு வேறொரு நிறம் என்று வைப்பது அழகுக்காக மட்டும் வந்த வழக்கமல்ல.

மூக்கைப் பற்றியும் ஒரு சொல். மிதி முகப்பைத் தாண்டி 20 முதல் 30 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் பாதத்துக்கு இடம் கிடைக்கும். அதற்கு மேல் நீண்டால் ஏறும்போது விரல் மாட்டும். நுனியைக் கூர்மையாக விடாமல் சற்று உருட்டச் சொல்லுங்கள். கல் முதலில் உடைவதும் அங்கேதான், கால் கிழிவதும் அங்கேதான்.

ஜனவரி 15

விளிம்பில் ஒட்டும் கறுப்புச் சொரசொரப்புப் பட்டையைக் குறித்து எழுத மறந்தேன். பயன் உண்டு. ஆனால் ஒரு முனை கிளம்பியவுடன் மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் வழுக்காமல் இருக்க ஒட்டிய பட்டையிலேயே என் சகோதரர் இடறினார். அதை அவர் இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 19

அகலமான மரக் கைப்பிடி என்று எழுதியிருந்தீர்கள். எவ்வளவு அகலம்? 100 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் அது கைப்பிடி அல்ல, ஓர் அலமாரித் தட்டு.

கைப்பிடியின் வேலை சாய்ந்து நிற்பதற்கு இடம் தருவதன்று. கால் தவறும் அந்தக் கணத்தில் விரல்கள் முழுவதும் சுற்றிப் பிடிப்பதற்கு அது வேண்டும். ஏறத்தாழ 32 முதல் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை வடிவம் அதற்கு ஏற்றது. சுவரோரமாக வந்தால் சுவருக்கும் அதற்கும் இடையே 40 மில்லிமீட்டராவது விட வேண்டும். இல்லையேல் விரல் முட்டிகள் உரசும். உயரம் மூக்கின் நுனியிலிருந்து 900 மில்லிமீட்டர் அளவில் பெரும்பாலோருக்குப் பொருந்தும். இன்னொரு கருத்து, இதைக் கடைப்பிடிப்பவர்கள் குறைவு: கைப்பிடி முதற்படிக்கும் கடைசிப்படிக்கும் அப்பால் ஒரு சாண் நீள வேண்டும். கால் இன்னும் படியில் இருக்கும்போதே கை வெறுமையாகிவிடக் கூடாது.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகுதான் இவற்றை நான் கவனிக்கத் தொடங்கினேன். எங்கள் பழைய கைப்பிடி தட்டையான தேக்குப் பலகை, 120 மில்லிமீட்டர் அகலம், பாலிஷ் பளபளக்கும். அம்மா அதைப் பிடிக்கவில்லை. உள்ளங்கையால் தடவிக்கொண்டே இறங்கினார். ஒருநாள் கை வழுக்கி இரண்டு படிகள் சறுக்கி உட்கார்ந்தார். நல்லவேளையாக அடி பலமில்லை. அதன்பின் எதிர்ச்சுவரில் ஓர் உருண்டைக் குழாய்க் கைப்பிடியைப் பொருத்தினோம். அழகிய தேக்குப் பலகை இப்போது துணி உலர்த்தத்தான் பயன்படுகிறது. அதை அகற்ற எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

கிராதியில் கம்பிகளுக்கு இடையே 100 மில்லிமீட்டர் உருண்டை நுழையக் கூடாது என்பது பல நாடுகளில் விதி. குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காகவே அந்த அளவு. கிடைமட்டக் கம்பிகளையும் தவிருங்கள். குழந்தைக்கு அவை ஏணி.

ஜனவரி 20

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, அப்படியானால் கண்ணாடியே வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடியைக் குறை சொல்லவில்லை. இடைவெளிப் பிரச்சினையும் ஏணிப் பிரச்சினையும் அதில் இல்லை. பதப்படுத்திய டஃபன்டு கண்ணாடி உடைந்தால் சிறுசிறு துண்டுகளாகச் சிதறும், ஆனால் தடுப்பு அப்போதே காணாமல் போகும். இரண்டு கண்ணாடிகளை இடையில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டடு வகையானால் உடைந்த பின்பும் சட்டத்தில் நிற்கும். படிக்கட்டுக்கு இரண்டாவதே மேல். நாள்தோறும் விரல் தடங்களைத் துடைக்க யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் முதலில் உங்கள் இரும்புக் கம்பிகளை எடுக்க வேண்டாம் என்று எழுத நினைத்தேன். இப்போதும் அதே எண்ணம்தான். கம்பிகள் உறுதியாக இருந்து, இடைவெளியும் சரியாக இருந்தால், வண்ணத்தை மாற்றி மேலே ஓர் உருண்டைக் கைப்பிடியைப் பொருத்தினாலே போதும்.

ஜனவரி 27

வண்ணம் பூசுவது குறித்து மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மரப்படி உள்ளவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பழைய பூச்சு எண்ணெய் சார்ந்ததா, நீர் சார்ந்ததா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மெத்திலேட்டடு ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரு மூலையில் தேய்த்தால் நீர் சார்ந்த பூச்சு இளகித் துணியில் ஒட்டும். எண்ணெய்ப் பூச்சு அசையாது. பளபளக்கும் எண்ணெய்ப் பூச்சின் மேல் நீர் வண்ணத்தை நேரே பூசினால் சில மாதங்களில் நகத்தால் உரிக்கலாம். உப்புத்தாளால் பளபளப்பைப் போக்கி, ஒட்டும் தன்மையுள்ள பிரைமர் ஒரு கை பூசி, அதன்பின் வண்ணம். வீடு மிகப் பழையதானால் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அப்போது உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். சோதித்துப் பார்த்தபின் ஈரமாகத் தேய்க்கலாம், அல்லது தேய்க்காமல் வேறு வழி பார்க்கலாம்.

மரப்படி கிறீச்சிட்டால் பூசுவதற்கு முன்பே அதைத் தீர்த்துவிடுங்கள். மிதிபலகையும் முகப்புப் பலகையும் ஒன்றோடொன்று உரசுவதால்தான் அந்த ஒலி. படிக்கட்டின் அடிப்பக்கத்துக்குப் போக வழி இருந்தால் இரண்டும் சேரும் மூலையில் சிறு மரக்கட்டையைப் பசையிட்டு, திருகாணியால் இறுக்கிவிடலாம். வழி இல்லையென்றால் மேலிருந்து முகப்புப் பலகைக்குள் திருகாணி இறக்கித் தலையைப் புதைத்து மூட வேண்டும். முகப்பவுடர் தூவினால் சில நாட்களுக்கு அமைதியாக இருக்கும். பிறகு முன்னைவிட உரக்கப் பேசும்.

வீட்டில் ஒரே படிக்கட்டு என்றால் ஒன்றைவிட்டு ஒன்றாகப் பூசுங்கள். ஒற்றைப்படை எண் படிகள் இன்று, அவை நன்கு காய்ந்தபின் இரட்டைப்படை எண் படிகள். நானும் அப்படித்தான் செய்தேன். இரவு மின்தடை வந்தது. எது ஈரம், எது காய்ந்தது என்பது மறந்துவிட்டது. ஆறாம் படியில் என் இடது பாதத்தின் முழு அச்சும் ஓராண்டு இருந்தது. என் மகள் அதற்கு நாணயத்தால் ஒரு வட்டம் வரைந்து அலங்கரித்தாள். ஈரப்படிகளில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி வையுங்கள்.

பிப்ரவரி 2

சுவரில் பட்டி பார்ப்பதற்கு முன் மின்பணியாளரை அழையுங்கள். படிக்கட்டின் விளக்கைக் கீழேயும் மேலேயும் இரண்டு இடங்களிலிருந்தும் போடவும் அணைக்கவும் இருவழிச் சுவிட்சுகள் வேண்டும். அவற்றுக்கு இடையே கூடுதல் கம்பிகள் ஓட வேண்டியிருப்பதால் சுவர் முடிந்தபின் செய்தால் மீண்டும் வெட்ட வேண்டிவரும். ஒரே விளக்கை மாடியின் உச்சியில் தொங்கவிட்டால், இறங்குகிறவரின் நிழல் அவருடைய காலடியிலேயே விழும். விளக்கு பக்கவாட்டில், கண்ணைக் கூசாத உயரத்தில் இருக்கட்டும். 2,700 முதல் 3,000 கெல்வின் வரையுள்ள இளமஞ்சள் ஒளி வாசலுக்கு ஏற்றது என்பது என் விருப்பம், விதி அல்ல.

பிப்ரவரி 8

வாசலுக்கு வருகிறேன். கருநீலக் கதவைக் குறித்து எனக்கு ஒரே தயக்கம்தான்: அதன் மேல் நேர்வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? அடர்ந்த நிறம் வெப்பத்தை உறிஞ்சும். வெளிப்பக்கம் காய்ந்து சுருங்க, உட்பக்கம் அப்படியே இருக்க, பலகை வளையும்; நிறமும் விரைவில் வெளிறும். கதவின் மேல் நல்ல நிழற்கூரை இருந்தால் தாராளமாகப் பூசுங்கள். கதவு ஏற்கெனவே உரசுகிறது என்று பின்னர் எழுதியிருந்தீர்கள். உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். மேல் கீலின் திருகாணிகள் தளர்ந்திருந்தாலே கதவு முன்மூலையில் தொங்கி உரசும். அவற்றுள் ஒன்றைக் கழற்றிவிட்டு, நிலையைத் தாண்டிச் சுவர்க்கட்டை வரை போகும் 75 மில்லிமீட்டர் திருகாணியை இறுக்கினால் பல கதவுகள் தாமாக நிமிரும். இழைத்த மரம் திரும்ப வளராது.

நிலைக்கு வெளியே உள்ள தளம் வீட்டை விட்டு வெளிப்பக்கமாக 50-க்கு 1 என்ற அளவில் சரிய வேண்டும். ஒரு மீட்டருக்கு 20 மில்லிமீட்டர். நிழற்கூரையின் அடியில், விளிம்பிலிருந்து சற்று உள்ளே, ஒரு சிறு பள்ளக்கோடு இழுக்கச் சொல்லுங்கள். கூரையின் அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டே உள்ளே வரும் நீர் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். கொத்தனாருக்குக் கால் மணி நேர வேலை.

அடுத்தது மிதியடி. இதை அலங்காரமாக எண்ணுகிறவர்கள் கல்லின் கடினத்தன்மையைப் பார்க்க வேண்டும். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. சலவைக்கல்லின் கால்சைட் 3. செருப்போடு வரும் ஒவ்வொரு மணல் துகளும் சலவைக்கல்லின் மேல் உப்புத்தாள்தான். மரத்தின் வார்னிஷும் அதே கதி. ஆகவே கதவுக்கு வெளியே சொரசொரப்பான ஒன்று, உள்ளே ஈரம் உறிஞ்சும் ஒன்று, இரண்டும் வேண்டும். உள்ளே உள்ளது இரண்டு மூன்று காலடிகள் படும் அளவுக்கு நீளமாக இருக்கட்டும். தட்டுபோன்ற சிறிய மிதியடியை எல்லோரும் தாண்டித்தான் செல்கிறார்கள், நானும்.

செருப்பு அடுக்கைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. சாய்வாக நிறுத்தும் வகை 200 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் அடங்கும். கதவு முழுவதும் திறந்தபின் 900 மில்லிமீட்டர் நடைவழி மிஞ்ச வேண்டும். உட்கார்ந்து செருப்பு மாட்ட 450 மில்லிமீட்டர் உயரத்தில் ஓர் இருக்கை, வயதானவர்கள் இருந்தால் கட்டாயம்.

பிப்ரவரி 9

மிதியடியின் தடிமனைச் சொல்லவில்லை. கதவின் அடியில் உள்ள இடைவெளியைவிட அது மெல்லியதாக இருக்க வேண்டும், அல்லது தரையில் பள்ளம் விட்டு அதற்குள் வைக்க வேண்டும். பள்ளம் விடுவதாக இருந்தால் தரை போடும்போதே சொல்லிவிடுங்கள். மீண்டும் மீண்டும் தரைமட்டத்துக்கே திரும்பி வருகிறேன் என்று ஒருவர் கேலி செய்திருக்கிறார். அவர் கதவைத் திறந்து பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

பிப்ரவரி 21

கேள்வி கேட்டவர் அளவுகளை அனுப்பிவிட்டார். 17 ஏற்றங்கள். முதலாவது 198, கடைசி 152, நடுவில் உள்ள 15-உம் 175-ஐ ஒட்டி. இந்த எண்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, இரக்கமும் வந்தது. 175-க்கு மேல் 23, 175-க்குக் கீழ் 23. உங்களுக்கு முன்பே யாரோ ஒருவர் பழைய படிகளின் மேலேயே 23 மில்லிமீட்டர் டைல்ஸும் கலவையும் ஏற்றியிருக்கிறார். இப்போது நீங்கள் 25 சேர்த்திருந்தால் முதல் ஏற்றம் 223, கடைசி 127 ஆகியிருக்கும்; வேறுபாடு 96. அது படிக்கட்டாக இராது, பொறியாகத்தான் இருக்கும்.

மரக்கழியின் நுனியால் மிதிகளைத் தட்டிக் கேட்கச் சொன்னேன். பாதிக்கு மேல் வெற்றொலி வருகிறதாம். டைல்ஸ் கீழே பிடிப்பை விட்டுவிட்டது என்று பொருள். அதன் மேல் கல்லை ஒட்டினால் கல்லும் சேர்ந்து கழலும். ஆகவே வேறு வழியில்லை, பெயர்க்க வேண்டும். பெயர்க்கும்போது நீர் தெளித்துக்கொண்டே செய்யச் சொல்லுங்கள், வேலையாட்களுக்கு நல்ல முகக்கவசம் கொடுங்கள். கல்தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். படிக்கட்டின் மேல்வாய்க்கும் கீழ்வாய்க்கும் கனத்த பிளாஸ்டிக் திரை கட்டுங்கள். நான் கட்டவில்லை. அலமாரிக்குள் மடித்திருந்த துணிகளில்கூடத் தூசி இருந்தது. வேறு வீடுகளில் பழைய வினைல் ஓடுகளும் கறுப்புப் பசையும் அடியில் தென்பட்டால் அதைத் தொடாமல் நிறுத்திவிடுங்கள்; அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், சோதிக்காமல் உடைக்கக் கூடாது.

மார்ச் 2

பெயர்த்தபின் அடியில் மொசைக் வெளிப்பட்டிருக்கிறது. மெருகேற்றி அதையே வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் மகிழ்ந்து எழுதினேன். அவர் அனுப்பிய படங்களைப் பார்த்தபின் அதைத் திரும்பப் பெறுகிறேன். முன்பு டைல்ஸ் பதித்தவர், கலவை பிடிப்பதற்காக மொசைக் முழுவதையும் உளியால் கொத்தியிருக்கிறார். சில படிகளில் கொத்து ஆழமாக இறங்கியுள்ளது. அரைத்து மெருகேற்றினால் அந்தப் படிகள் மட்டும் தாழ்ந்து மீண்டும் பழைய கதையாகும். மொசைக் படலத்தையும் எடுத்துவிட்டு, அது இருந்த மட்டத்துக்கே கல்லும் கலவையும் வரும்படி வைப்பதுதான் வழி. சுவரில் ஒவ்வொரு மிதியின் முடிந்த மட்டத்தையும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு, மேலிருந்து கீழாகப் பதித்து வரட்டும். கூடத்தின் தரை மாறவில்லை. கதவை அறுக்க வேண்டியதில்லை.

மார்ச் 24

வேலை முடிந்தது. 17 ஏற்றங்களும் 173-க்கும் 177-க்கும் இடையே. மிதி வெளிர்நிறம், முகப்பு அடர்நிறம். இரும்புக் கிராதி இருந்தபடியே இருக்கிறது, உருண்டைக் கைப்பிடி ஒன்று சேர்ந்திருக்கிறது. கதவு கருநீலம்தான், அவர் வீட்டு வாசலில் வெயில் விழுவதில்லையாம்.

ஒரு குறை மட்டும் எழுதியிருக்கிறார். வீட்டிலுள்ள அனைவரும் முதற்படியில் இன்னும் 198-க்கே காலைத் தூக்குகிறார்கள், தூக்கிய கால் சட்டென்று கீழே இறங்கித் தடுமாறுகிறார்கள், வேலையில் ஏதோ தவறோ என்று அவருக்கு ஐயம். தவறில்லை. எங்கள் வீட்டிலும் படிகளைச் சமமாக்கிய பிறகு இரண்டு வாரங்கள் அப்படித்தான் இருந்தது. முதற்படியின் பக்கத்துச் சுவரில் ஒரு தாளை ஒட்டி வையுங்கள். நாங்கள் ஒட்டிய தாளைப் படிக்கக் குனிந்தே என் சகோதரர் இன்னொரு முறை இடித்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.